புகை என்பது எரியாத விறகு

நம்ம ஊரில் சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம். நீங்கள் அருவிப் படத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அடுப்பைப் பற்றி எழுதப்போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இப்போது நல்ல கொத்தனார். போன வாரம் வீட்டுக்கு வந்தான். "டீச்சர், ஒரு வீட்டுல பொறவாசல்ல வெந்நிக்கு அடுப்பு கட்டச் சொல்லுதாவ. பொகை வரக்கூடாதாம், வெறகும் கொஞ்சமாத்தான் செலவாகணுமாம். ரெண்டும் சேந்து எப்படி டீச்சர் நடக்கும்?" என்று கேட்டான்.

"ரெண்டும் ஒண்ணுதாம்ல" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

புகை என்றால் என்ன? எரியாமல் தப்பிப் போகிற விறகு. விறகில் தீ வைத்ததும் கட்டை அப்படியே எரிவதில்லை. முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும். அப்புறம் சூடு ஏற ஏற கட்டை வாயுக்களை வெளியே விடும். நன்றாகக் காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி வாயுவாகத்தான் வெளியேறுகிறது. நாம் பார்க்கிற தீ நாக்கு அந்த வாயு எரிவதுதான். மிச்சம் நிற்பது கங்கு. வாயு எரிய நல்ல சூடும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது எரியாமல் புகையாகி நம் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வருகிறது. பானை அடியில் படிகிற கரியும் அதுதான், கூரையில் தொங்குகிற ஒட்டடைக் கரியும் அதுதான். ஆக, புகையைக் குறைத்தால் விறகும் மிச்சமாகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

இதை ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன் என்றால், என் அம்மா.

அம்மாவுக்கு 55 வயதுக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விடியற்காலையில் இருமல். பத்து எட்டு நடந்தால் தூணைப் பிடித்து நிற்பாள். திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! நான்தான் இல்லை என்று சொன்னேன். அடுத்து, "அடுப்பு எத்தனை வருஷமா ஊதுறாங்க?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 வயதில் ஊதுகுழலைக் கையில் எடுத்தவள். காலையில் வெந்நி, அப்புறம் சோறு, குழம்பு, அறுப்புக் காலத்தில் நெல் அவிப்பு, சாயங்காலம் மறுபடியும் அடுப்பு. 45 வருஷம். பீடியே தொடாத ஒருத்திக்குப் பீடி குடித்தவரின் நெஞ்சு. 'சி.ஓ.பி.டி' என்று எழுதிக் கொடுத்தார். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு. மருந்து மட்டுப்படுத்தும், போனது திரும்பாது என்றார். அப்படித்தான் ஆனது. கடைசி நாலு வருஷம் அம்மா படுத்துத் தூங்கவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

இது என் அம்மாவுக்கு மட்டும் நடந்ததில்லை. விறகு, கரி, சாணி வரட்டி, மண்ணெண்ணெய் அடுப்புகளால் வீட்டுக்குள் சேரும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

"இப்பத்தான் எல்லா வீட்டுலயும் கேஸ் இருக்கே டீச்சர்" என்பீர்கள். உண்மைதான். இலவச கேஸ் அடுப்பு வந்தது, 2016-இல் உஜ்வாலா திட்டம் வந்தது. அடுக்களைப் புகை வெகுவாகக் குறைந்தது. சமையலுக்கு கேஸ்தான் நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் நம்ம ஊரில் ஒரு தெரு சுற்றி வாருங்கள். சிலிண்டர் உள்ள வீட்டிலும் புறவாசலில் ஒரு அடுப்பு இருக்கும். வெந்நி அதில்தான். மாட்டுக்குக் காடி காய்ச்சுவது, விசேஷத்துக்கு வடை சுடுவது அதில்தான். தென்னை மட்டையும் சிரட்டையும் சும்மா கிடக்க, சிலிண்டரைச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே விறகு அடுப்பு நம்மை விட்டுப் போகவில்லை, அடுக்களையிலிருந்து புறவாசலுக்கு நகர்ந்திருக்கிறது. இருக்கிற அடுப்பை ஒழுங்காக வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதல் பாடம்: விறகு காய வேண்டும்.

அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறோம். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 300 கிலோகலோரி வேண்டும். அந்தச் சூட்டில் 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோய்விடலாம். ஒரு ஆள் விளாவிக் குளிக்கிற வெந்நி அது! அது போக, ஈரம் தீயின் சூட்டைத் தணித்துவிடுவதால் வாயு எரியாமல் புகையாகிறது. நஷ்டம் இரட்டிப்பு.

விறகு காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டண்' என்று கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்றால் ஈரம். வெட்டுமுகத்தில் கீறல் கீறலாக வெடித்திருக்கும். பட்டை தானாகக் கழன்று வரும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு கட்டையில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று அர்த்தம்.

நம்ம பக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் காய வைத்து, சாரலுக்கு முன்னால் அடுக்கிவிட வேண்டும். சாரல் மேற்கே மலையிலிருந்து அடிக்கும், அதனால் வீட்டுக்குக் கிழக்குப் பக்கச் சுவரோரம் அடுக்குங்கள். தரையில் போடாமல் நாலு கல் வைத்து அதன்மேல் அடுக்கவும். மேலே மட்டும் தகரமோ ஓலையோ போதும். பக்கவாட்டில் தார்ப்பாய் சுற்றி மூடினால் காற்று போகாமல் விறகு வியர்த்துப் பூசணம் பிடிக்கும். தடித்த கட்டையை மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும், சீராகவும் எரியும்.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். இங்கிலாந்தில் குளிருக்கு வீட்டைச் சூடாக்க விறகுக் கணப்பு வைத்திருப்பவர்கள் நிறைய. அங்கே 2021 மே மாதம் முதல், வீட்டுக்குச் சிறு கட்டாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். குளிர் தேசத்தில் இருக்கிற பிள்ளைகளே, ஊட்டி, கொடைக்கானலில் வேலை பார்க்கிற பிள்ளைகளே, உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரியடுப்பையோ தணல் சட்டியையோ மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்கக் கூடாது. தணலில் புகை தெரியாது. ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இரண்டாம் பாடம்: அடுப்பு மூச்சு விட வேண்டும்.

மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் பானைக்குப் போகிறது. மிச்சம் காற்றோடு போச்சு. விசிறி இல்லாத உலோக விறகு அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதம், விசிறி வைத்த அடுப்புக்குக் குறைந்தது 35 சதவீதம் வேண்டும் என்று இந்தியத் தர நிறுவனமே வரையறுத்திருக்கிறது.

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். (பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.) 40 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்த 1000 கிலோகலோரி வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4000 இருக்கிறது. மூன்று கல் அடுப்பில் எட்டில் ஒரு பங்குதான் பானைக்கு என்று வைத்தால் 2 கிலோ விறகு வேண்டும். நல்ல அடுப்பில் நாலில் ஒரு பங்கு கிடைத்தால் 1 கிலோ போதும். ஒரு நாளைக்கு ஒரு கிலோ மிச்சம், வருஷத்துக்கு 365 கிலோ. அத்தனை கிலோவும் புகையாகவும் போகவில்லை.

கொத்தனார் பையனிடம் சொன்ன அளவுகள் இவை. விறகைத் தரையில் வைக்காமல் இரும்புக் கம்பித் தட்டின்மேல் வைக்க வேண்டும். தட்டுக்குக் கீழே சாம்பல் விழ இடம் விட்டு, அதற்கு ஒரு வாய் வைக்க வேண்டும். காற்று அந்த வழியாகக் கீழிருந்து ஏறும். விறகு வைக்கிற வாய் சிறிதாக இருக்கட்டும். பெரிய வாய் இருந்தால் குளிர்ந்த காற்று புகுந்து தீயை அமர்த்தும், ஆளும் விறகை அள்ளித் திணிப்பார். தட்டுக்கும் பானை அடிக்கும் நடுவே ஒரு சாண். தீ முழுசாக எரியும் முன் குளிர்ந்த பானையில் முட்டினால் கரி பிடிக்கும். பானை அடுப்புக்குள் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்து, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தால் சூடு பானையின் பக்கவாட்டையும் தடவிக்கொண்டு போகும். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே உமிச் சாம்பலை நிரப்பினால் சுவர் சூட்டைக் குடிக்காது. நம்ம ஊர் நெல் ஊர். உமிச் சாம்பலுக்கா பஞ்சம்?

கடைசியாகப் புகைக்குழாய். கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி நிற்க வேண்டும். பி.வி.சி பைப் வேண்டவே வேண்டாம், உருகித் தீப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கரியைத் தட்டிச் சுத்தம் செய்ய வசதி இருக்க வேண்டும்.

நம் பாட்டிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. கொடியடுப்பு ஞாபகம் இருக்கிறதா? பெரிய அடுப்பில் சோறு பொங்கும்போது, தப்பிப் போகிற சூட்டில் பக்கத்துக் கொடியடுப்பில் குழம்பு கொதிக்கும். தனியாக விறகு கிடையாது. நல்ல யோசனை. புகை வெளியேற வழி மட்டும் வைக்காமல் விட்டார்கள்.

அந்த வழியை வைக்கப் பலர் பாடுபட்டார்கள். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா கிராமத் தொழில்களுக்காக உழைத்த வார்தா மகன்வாடியில் 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பு உருவானது. 1950-களில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி.ராஜு ஒன்றை வடிவமைத்தார். 1980-களில் மத்திய அரசு நாடு முழுக்கப் புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002-இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளைக் கட்டிக்கொடுத்தது. அவற்றில் பல சில வருஷங்கள்கூடத் தாங்கவில்லை. குழாயில் கரி அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்ய யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டுப் பானைக்கு அடுப்பு வாய் பொருந்தவில்லை. அடுப்பைக் கட்டினால் மட்டும் போதாது, அதைத் தினமும் மூட்டுகிறவளைக் கேட்டுக் கட்ட வேண்டும். பையனிடம் அதையும் சொன்னேன். "அந்த வீட்டம்மாகிட்ட பானையை வாங்கி, வச்சுப் பாத்துட்டு அப்புறம் அடுப்புக் கட்டுல."

மூன்றாம் பாடம்: பற்ற வைக்கிற பழக்கம்.

பாலித்தீன் பை, சைக்கிள் டயர்த் துண்டு, பெயிண்ட் அடித்த பலகை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். அந்தப் புகை விஷம். கொதும்பு, பன்னாடை, காய்ந்த ஓலை நமக்கு இல்லாததா? முதலில் சுள்ளி, அப்புறம் சிரட்டை, தீ நன்றாகப் பிடித்த பிறகு கட்டை. நிறைய விறகை ஒரேயடியாகத் திணிக்காமல் எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். பத்து நிமிஷம் கழித்து வெளியே போய்ப் புகைக்குழாயின் உச்சியைப் பாருங்கள். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அடுப்பு சரி. இன்னமும் ஊதுகுழலைத் தேடுகிறீர்கள் என்றால் விறகிலோ காற்று வழியிலோ கோளாறு.

சென்னை, பெங்களூர், துபாய் என்று இருக்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அம்மாவுக்குச் சேலை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதோடு, காலையில் அரை மணி நேரம் முன்னால் எழுந்து புறவாசலுக்குப் போய், உங்களுக்கு வெந்நி எப்படி வருகிறது என்று பாருங்கள். அம்மா குனிந்து ஊதிக்கொண்டிருந்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தால், அன்றைக்கே ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். செலவு ஒரு சேலை விலைக்கு முன்னே பின்னே இருக்கும். சூரிய வெந்நீர்க் கருவி வைக்க வசதி உள்ளவர்கள் தாராளமாக வையுங்கள். சாரல் மாதத்துக்கு மட்டும் அடுப்பு துணைக்கு இருக்கட்டும்.

"அதெல்லாம் வேண்டாம், எனக்கு இது பழகிப்போச்சு" என்று அம்மா சொல்வாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். கண்ணுக்குப் பழகும். நெஞ்சுக்குப் பழகாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கீழப்பாவூர்.