முதல் வண்டிக்காக ஒரு வழக்கு

ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் வண்டிகள் வந்து புறப்படும் நேரத்தைப் பயணிகளின் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 49-ஆவது பிரிவு நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துகிறது. எழுதி வைத்த நேரத்துக்கு வண்டி வந்தாக வேண்டும் என்றோ, பல வருடமாக வந்துகொண்டிருந்த வண்டியை நிறுத்துவதற்கு முன் அதில் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றோ சொல்லும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. கொரோனா முடக்கம் தளர்ந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் நான் நடத்திய ஒரு ரிட் மனு முழுக்க இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

மனுதாரர்கள் திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே உள்ள ஒரு சிறிய நிலையத்தை நம்பி வாழ்கிறவர்கள். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் பயணிகள் ரயில்கள் நின்றபோது அவர்களுடைய விடியற்காலை முதல் லோக்கலும் நின்றது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அது மட்டும் திரும்பவில்லை. அடுத்த வண்டிக்கும் அதற்கும் முக்கால் மணி நேரம் வித்தியாசம். அலுவலகம் போகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆறு மணி ஷிப்டுக்குக் கார்டு தேய்க்க வேண்டியவருக்கும், நகரத் தெருக்களைக் கூட்டுவதற்கு விடியும் முன் வருகை பதிய வேண்டிய துப்புரவுப் பணியாளருக்கும், மருத்துவமனையில் இரவு ஆளை விடுவிக்க வேண்டிய ஹவுஸ்கீப்பிங் பெண்ணுக்கும் அந்த முக்கால் மணி நேரம் அரை நாள் சம்பளம். சிலர் வேலையை விட்டார்கள். சிலர் வீட்டு வாடகையோடு நகரத்தில் பத்துப் பேர் தங்கும் அறைக்கும் வாடகை கொடுத்தார்கள். ஒரு பெண்ணை அவர் கணவர் அன்றாடம் நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் எழுந்து டூவீலரில் திருவள்ளூர் வரை கொண்டுவந்து விட்டார்.

இவர்கள் ஏன் அவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் தண்டவாளத்தை ஒட்டி வெளியே போனார்கள். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து சென்னை வளர்ந்த விதம் அதுதான். மாதச் சீசன் டிக்கெட்டின் விலையையும் முதல் வண்டியின் நேரத்தையும் பார்த்து மனை வாங்கியவர்கள், பெண் கொடுத்தவர்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள் அவர்கள். கால அட்டவணையில் ஒரு வரியை அடிப்பது நிர்வாகத்துக்கு இயக்கம் சார்ந்த முடிவு; அதை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவருக்கு வீட்டை இடம் மாற்றியதற்குச் சமம்.

நீதிமன்றம் அரசு அமைப்பு ஒன்றுக்கு ‘இதைச் செய்’ என்று ஆணையிட வேண்டுமானால், அதைச் செய்யும் கடமை அந்த அமைப்புக்குச் சட்டத்தில் இருக்க வேண்டும், அதைக் கேட்கும் உரிமை மனுதாரருக்கு இருக்க வேண்டும். முதல் நாளே அமர்வு என்னிடம் கேட்டது அதைத்தான்: “எந்தப் பிரிவின்படி இந்த வண்டியைக் கேட்கிறீர்கள்?” நியாயமான கேள்வி. அதே தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் போக வேண்டும், சரக்கு வண்டி போக வேண்டும், பராமரிப்புக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஓர் ஊருக்கு ஒரு வண்டி என்று நீதிமன்றம் உத்தரவிட ஆரம்பித்தால், இறுதியில் கால அட்டவணையை நீதிபதிகள்தான் போட வேண்டிவரும். அதனால் வண்டியைக் கொடுங்கள் என்பதைவிட, எடுத்த விதம் சரியா என்று பாருங்கள் என்பதில் வாதத்தை நிறுத்தினேன்.

எடுத்ததற்கு நிர்வாகம் பதில் மனுவில் சொன்ன காரணம், அந்த நிலையத்தில் ஏறுகிறவர்கள் குறைவு என்பது. ஆதாரம், டிக்கெட் விற்பனைக் கணக்கு. இந்த இடத்தில் மனுதாரர்களின் பயணிகள் சங்கத்துக்காரர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதியே ஆக வேண்டும். தினப்பயணி அன்றாடம் ஜன்னலில் டிக்கெட் வாங்குவதில்லை. மாதத்துக்கு ஒரு முறை சீசன் எடுக்கிறார். இரண்டு நிலையங்களுக்கு இடையிலான சீசனை இரண்டில் எந்த முனையிலும் எடுக்கலாம். விடியற்காலை வண்டி பிடிக்கிறவர் தன் ஊர் நிலையத்துக்கு வரும்போது பெரும்பாலும் கவுண்டரே திறந்திருக்காது. ஆகவே சம்பளம் வாங்கிய கையோடு வேலை செய்யும் இடத்தருகே, சென்னை நிலையம் ஒன்றில் எடுத்துவிடுவார். அந்த வருமானம் விற்ற நிலையத்தின் கணக்கில் விழும். சொந்த ஊர் நிலையத்தின் ஏட்டில் அந்த மனிதரே இருக்க மாட்டார். ஆட்கள் நிறைந்து நிற்கும் நடைமேடை, காகிதத்தில் காலியாகத் தெரிந்ததன் ரகசியம் இதுதான்.

சங்கத்தினர் முறைபோட்டு நின்று தலைகளை எண்ணி, ஏறுபவரின் வேலையையும் இறங்கும் நிலையத்தையும் நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள். அதை டைப் செய்து இணைப்பாகத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கட்சிக்காரர் தானே எடுத்த கணக்கு சாட்சியமாகாது என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் வலு இருந்தது. பயணக் கட்டணத்தில் செலவின் 57 சதவீதம்தான் திரும்புகிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடிக்கப்பட்டிருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மீதியைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுகட்டுவது நாடு அறிந்து எடுத்த முடிவு, அதை ஓர் ஊருக்கு மட்டும் ஓசையில்லாமல் திரும்பப் பெற முடியாது என்று பதில் சொன்னேன். அந்த வாதத்தை இன்றைக்கும் நம்புகிறேன்.

சட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே கெட்டியான பிடி 57-ஆவது பிரிவு. ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேர் போகலாம் என்று நிர்ணயித்து, அந்த எண்ணை இந்தியிலும் ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்கிறது அது. முதல் வண்டி போனதால் அடுத்த வண்டியில் அந்த எண்ணைப் போல் பல மடங்கு கூட்டம். நிர்ணயித்த அளவுக்கு மேல் ஏற்றாதே என்று கேட்டால் நிர்வாகம் கூடுதல் வண்டி விட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் கணக்கு. தம்புச் செட்டித் தெருவில் உள்ள என் அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை மாலை இதைச் சங்கத்தினருக்கு விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் அம்மா மட்டும் கேட்டார்:

“சார், எழுதியிருக்கிற கணக்குக்கு மேல ஆள் ஏத்தக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிட்டா, நாங்க ஏறிடுவோம். நாங்க முன்னாடியே ஏறுறவங்க. ஆவடியிலயும் அம்பத்தூர்லயும் நிக்கிறவங்கள யாரு ஏத்துவாங்க?”

கூடுதல் வண்டி வரும்வரை அவர்கள்தான் நடைமேடையில் நிற்க வேண்டியிருக்கும் என்றேன், அது உண்மை என்பதால். “அப்போ வேணாம் சார்” என்றார். சங்கத் தலைவர் சற்று யோசித்தார். அறையில் இருந்த யாரும் அந்த அம்மாவை மறுத்துப் பேசவில்லை. ஜெயிக்கக்கூடிய வாதம் ஒன்றைக் கட்சிக்காரர்களே, முகம் தெரியாத மனிதர்களுக்காகக் கைவிடச் சொன்னது என் தொழிலில் அபூர்வம். 57-ஆவது பிரிவை மனுவிலிருந்து நீக்கினேன்.

ரயில்வே சட்டங்கள் யாருக்குக் கதவு வைத்திருக்கின்றன என்று அந்த மாதங்களில்தான் வரிசையாக யோசித்தேன். சரக்குக்குக் கட்டணம் நியாயமில்லை என்று வியாபாரி முறையிட 36-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்கென்றே ஒரு தீர்ப்பாயம் பல வருடங்கள் சென்னையில் இயங்கி, 2017-இல் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தோடு இணைந்தது. பயணிகள் கட்டணம் அந்த வரம்புக்குள் வராது என்று அடுத்த பிரிவே சொல்லிவிடுகிறது. கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகளைச் சிறப்பு எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கியபோது, சிமென்ட் மூட்டைக்கு இருந்த அந்த வழி கூலித்தொழிலாளிக்கு இருக்கவில்லை. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் திரும்பியது.

வண்டியிலிருந்து விழுந்து இறந்தால் கதவு உண்டு. 124-அ பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாமலே, 2017 முதல் 8 லட்சம் ரூபாய் இழப்பீடு. படியில் தொங்கினார், அது 156-ஆவது பிரிவில் குற்றம் என்று நிர்வாகம் வாதிடும். திறந்த கதவருகே நிற்பது கவனக்குறைவாக இருக்கலாம், குற்றச் செயலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஜமீலா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2018 ஜூலையில் பரங்கிமலை நிலையத்தில், விரைவுப் பாதைக்குத் திருப்பிவிடப்பட்ட மின்சார ரயிலில் தொங்கிச் சென்ற இளைஞர்கள் சுவரில் மோதி இறந்ததைச் சென்னை மறந்திருக்காது. வண்டி தாமதத்தால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கும் கதவு உண்டு: ஜம்முவுக்கு 4 மணி நேரம் தாமதமாகப் போன வண்டிக்காக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உறுதிசெய்தது. தாமதத்துக்கு நிர்வாகம் காரணம் காட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் இவை எல்லாம் ஒரு நாளில், ஒருவருக்கு, அளந்து காட்டக்கூடிய இழப்பு. நூற்றுக்கணக்கானவர்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கத்தையும் கூலியையும் இழந்தால், அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மன்றம் இல்லை.

பிரிட்டனின் உதாரணத்தையும் அமர்வின் முன் வைத்தேன். அங்கே 1962-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், ஒரு பாதையையோ நிலையத்தையோ மூடுவதற்கு முன் அறிவிப்பு வெளியிட்டு, பயணிகளுக்கு நேரும் இன்னலைப் பற்றிய ஆட்சேபங்களை ஒரு குழு கேட்க வேண்டும் என்று விதித்தது. செட்டில்–கார்லைல் பாதையை மூட 1983-இல் முயன்றபோது 22,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. 1989-இல் அரசு மூடும் யோசனையைக் கைவிட்டது. மூத்த நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்கே நாடாளுமன்றம் அப்படிச் சட்டம் செய்தது. நம் நாடாளுமன்றம் செய்யவில்லையே” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சட்டமும் பாதையை மூடுவதைத்தான் தடுத்தது, வண்டிகளைக் குறைப்பதை அல்ல என்பதை நானே சொல்லிவிட்டேன். நீதிமன்றத்திடம் பாதியை மறைக்கக் கூடாது.

உத்தரவு எதிர்பார்த்தபடியே வந்தது. கால அட்டவணை கொள்கை முடிவு, தலையிட முடியாது. மனுதாரர்களின் கோரிக்கையைத் தகுதியின் அடிப்படையில் சட்டப்படி பரிசீலித்து 12 வாரத்துக்குள் நிர்வாகம் முடிவெடுக்க வேண்டும். அந்த வாசகத்தை வெற்றி என்று கட்சிக்காரரிடம் சொல்லும் வழக்கறிஞர்கள் உண்டு. நான் சொல்லவில்லை. கெடு முடியும் தறுவாயில், இயக்கக் காரணங்களால் இயலாது என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது.

ஆனால் உத்தரவின் நகல் கையில் இருந்தது சங்கத்துக்குப் பலம் தந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில், ஏறுபவர்களை எந்த நாட்களில் எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார்கள். டிக்கெட் விற்பனை தவிர வேறு கணக்கு எடுக்கப்படவில்லை என்று எழுத்தில் பதில் வந்தது. எந்தக் குறுக்கு விசாரணையும் வாங்கித் தந்திருக்க முடியாத பதில் அது. அதைக் கொண்டு ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் ஒருவர் மூலம் கூட்டத்தில் கேள்வி எழுப்பினார்கள். தொகுதியின் மக்கள் பிரதிநிதிகளுக்கு நகல் கொடுத்தார்கள். கடைசியில் திருவள்ளூரிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு லோக்கல் அரக்கோணத்திலிருந்தே புறப்படும்படி நீட்டிக்கப்பட்டது. பழைய முதல் வண்டியைவிட இருபது நிமிடம் தாமதம், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மருத்துவமனை அம்மாவுக்கு அது போதும். ஆறு மணி ஷிப்டுக்காரர்களுக்குப் போதாது. அவர்களில் பலர் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

தேவையான திருத்தம் சிறியது. ஒரு பயணிகள் வண்டியை நிரந்தரமாக எடுப்பதற்கு முன், அது நிற்கும் நிலையங்களில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவிட வேண்டும் என்று ஒரு பிரிவு. அறிவிப்பு ஒட்டுவதற்கான பலகையை 49-ஆவது பிரிவு ஏற்கெனவே வாங்கித் தந்திருக்கிறது. இதை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். உங்கள் நிலையத்தில் ஒரு வண்டி நின்றுபோயிருந்தால், வழக்கறிஞரைத் தேடி வருவதற்கு முன் ஒரு மாதம் நடைமேடையில் நின்று ஆட்களை எண்ணுங்கள்; தேதி போட்டு, கையெழுத்து வாங்கி, நிலைய மேலாளரிடம் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை பெற்று வையுங்கள்.