ஈரல் செல் பிரிக்கப் பழகிய கதை

நாட்டு மருந்தில் சேரும் கிலுகிலுப்பையில் மோனோகுரோட்டலின் என்றொரு நச்சு உண்டு. அது ஈரலை எப்படிக் கெடுக்கிறது என்பதே என் ஆய்வு. அதற்கு எலியின் ஈரலிலிருந்து செல்களை உயிரோடு பிரிக்க வேண்டும். அந்த வேலை கைக்கு வரவே மாதக்கணக்கில் ஆனது.

மயக்கிய எலியின் போர்டல் சிரையில் மெல்லிய குழாயைச் செருகி, கால்சியம் இல்லாத உப்புக்கரைசலை 37 டிகிரி சூட்டில் ஓடவிடுவோம். குழாய் சரியாக அமர்ந்தால் ஈரல் கண்ணெதிரே வெளிறும். என் கையிலோ ஒரு மடல் வெளிறும், மற்றது கருஞ்சிவப்பாகவே நிற்கும். சில நாள் சிரையே கிழிந்துவிடும். சில நாள் காற்றுக்குமிழி புகுந்து ஓட்டத்தை அடைத்துவிடும். "தள்ளாதேம்மா. சிரை வாங்கிக்கொள்ளும் வரை பொறு" என்பார் என் ஆய்வு வழிகாட்டியான மேடம்.

அடுத்தது கொலாஜினேஸ். செல்களைப் பிணைத்திருக்கும் கொலாஜனைக் கரைக்கும் நொதி இது. எப்போது நிறுத்துவது என்று நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். மேடம் ஈரலைத் தொட்டுப் பார்ப்பார். பஞ்சு முனையால் அழுத்தினால் பள்ளம் எழும்பக் கூடாது. மேலுறைக்குள் எல்லாம் களிபோலக் குழைந்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும் செல்களே கெடும்.

டிரிப்பான் ப்ளூ சாயம் செத்த செல்லுக்குள் மட்டும் புகும். என் ஸ்லைடில் பாதிக்கு மேல் நீலம். பிப்பெட்டின் குறுகிய முனையில் வேகமாக உறிஞ்சியதில் பல செல்கள் கிழிந்திருந்தன. மேடம் முனையைக் கத்தரித்து அகலமாக்கித் தந்தார். "இதில் நச்சைப் போட்டால், செத்தது செடியாலா உன் கையாலா என்று எப்படிச் சொல்வாய்?"

சலித்துப்போய் ஹெப்ஜி2 செல்களுக்குத் தாவினேன். ஈரல் புற்றிலிருந்து வந்த இவை தட்டில் தாமே பெருகும், பிரிக்கும் பாடே இல்லை. மோனோகுரோட்டலினை எவ்வளவு கூட்டியும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடம் சிரித்தார். செடியிலிருந்து வருவது பாதி விஷம்தான். அதை வெளியேற்றத் தோதாக மாற்றப் போய், ஈரலின் சைட்டோகுரோம் நொதிகளே அதைப் பைரோலாக்கிவிடுகின்றன. பைரோல் புரதங்களையும் டிஎன்ஏவையும் பற்றிக்கொள்ளும். காவலாக நிற்கும் குளுட்டதயோன் தீர்ந்ததும் செல் சாகும். ஹெப்ஜி2வில் அந்த நொதிகள் மிகக் குறைவு. எனவே மறுபடி எலிதான்.

ஒருநாள் ஈரல் முழுதும் சீராக வெளிறியது. ஸ்லைடில் அங்கங்கேதான் நீலம். மறுநாள் காலை, நச்சு போடாத தட்டில் செல்கள் பலகோணமாக ஒட்டிப் படர்ந்திருந்தன; போட்ட தட்டில் உருண்டு மிதந்தன. மேடம் வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"சர்குஜா படித்தாயா?" என்றார். 1970களில் அந்த மாவட்டத்தில் சாமையோடு கிலுகிலுப்பை விதையும் கலந்துபோய், உண்டவர்களுக்கு ஈரலின் சிறு சிரைகள் அடைபட்டன. வயிற்றில் நீர் கோத்துப் பலர் இறந்தார்கள். "அங்கே முதலில் அடிவாங்கியது இந்தச் செல் இல்லை, ரத்த நுண்குழாயின் உள்சுவர்ச் செல். நாளையிலிருந்து அதைப் பிரி. இதைவிடச் சின்னது."