நர்சரிக்குப் போகுமுன் தரையைப் பாருங்கள்

கடலூரிலும் சிதம்பரத்திலும் புது வீடு கட்டுகிறவர்கள் தோட்டத்தைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான். கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். பெங்களூரிலோ துபாயிலோ எடுத்த ஒரு முற்றத்தின் படம் கைப்பேசியில் இருக்கும். அதை நர்சரியில் காட்டி 'இதே மாதிரி வேண்டும்' என்பார்கள். வாசலில் இரண்டு ராயல் பாம், மதிலை ஒட்டி நெட்டிலிங்க வரிசை, நடுவில் மெக்சிகன் புல், மிச்ச இடத்துக்கு பேவர் பிளாக் என்று ஒரே நாளில் விலை பேசி முடிந்துவிடும். நர்சரிக்காரரிடம் கேட்கக்கூடிய உதவிகளிலேயே மிகக் குறைந்த உதவி இதுதான். அவருக்குச் செடியைத் தெரியும். உங்கள் மனையில் மழைத்தண்ணீர் எந்த மூலையில் எத்தனை நாள் நிற்கும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அதைத் தெரிந்துகொண்டு போவது வீட்டுக்காரர் பொறுப்பு. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலைத் தேடி வரும் இந்த மாவட்டத்தில் தோட்டத் திட்டம் தரைமட்டத்தில் தொடங்க வேண்டும். செடியின் பெயர் கடைசியில் எழுத வேண்டியது.

இதற்குச் சான்று தேடி வெளியே போக வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் பிச்சாவரத்தை ஒட்டிய 18 மீனவக் குப்பங்களின் சேதத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அலையாத்திக் காடு மறைத்து நின்ற ஊர்களில் உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு 'சயின்ஸ்' இதழில் கடலூர் மாவட்டக் கடற்கரையை வைத்து வந்த வேறோர் ஆய்வு, சவுக்குத் தோப்பையும் சேர்த்து ஏறக்குறைய இதையே சொன்னது. மரம் நடச் சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை. ஆனால் 2006இல் கெர், பெய்ர்ட், கேம்பெல் என்ற மூவர் முதல் ஆய்வின் எண்களையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு மேட்டில் இருக்கிறது என்ற இரண்டையும் கணக்கில் சேர்த்தால் மரத்தின் பங்கு என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். இதை வைத்து அலையாத்தியால் பயனே இல்லை என்று சொல்வது அவசரம். எந்த மரம் எங்கே நிற்கும் என்பதையே மேடு பள்ளமும் உப்பும்தான் முடிவு செய்கின்றன; அதனால்தான் இரண்டின் பங்கையும் பிரிப்பது இத்தனை சிக்கலாகிறது. ஆராய்ச்சியாளர்களுக்கே பிடிகொடுக்காத கடற்கரையில், தரையை விட்டுவிட்டு மரத்தை மட்டும் தேர்ந்தெடுப்பது பாதித் திட்டம்தான்.

மனையின் மட்டத்தைப் பார்ப்பது பெரிய வித்தையில்லை. கொத்தனாரிடம் இருக்கும் லெவல் டியூபில் தண்ணீர் ஊற்றி நான்கு மூலையையும் நடுவையும் அளந்தால் ஒரு தாளில் அடங்கிவிடும். தெருவையும் சேர்த்து அளக்க வேண்டும். சாலையை மேலே மேலே போட்டுக்கொண்டே போவதால், மனை தெருவைவிடத் தாழ்ந்து போன வீடுகள் கடலூர் முதுநகரில் சந்துக்குச் சந்து உண்டு. பிறகு மாடித் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு நாள் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் குழாய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி. அடுத்தது மண். சுவர் ஓரமாக ஓர் அடி தோண்டினாலே கிராவல், உடைந்த ஓடு, இறுகிப்போன கலவைக் கட்டி, பிவிசி துண்டு எல்லாம் வரும். கலவையின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். அதில் நட்ட இட்லிப்பூச் செடியின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரக்கடையில் எந்த மூட்டையை வாங்கிப் போட்டாலும் காரணம் அப்படியே இருக்கும். தோண்டிய குழியில் தண்ணீர் ஊற்றி அது இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மரம் வைப்பதாக இருந்தால் முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி மண்ணைத் தனித்தனியாக அரைக் கிலோ எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள். மண்ணின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உப்பு மண். எலுமிச்சை ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

இந்த அறிக்கை கையில் இருந்தால்தான் நர்சரியில் பேச்சு தொடங்கும். ஒரே மாவட்டம்தான், ஆனால் மண் ஒன்றல்ல. பண்ருட்டிச் செம்மேட்டில் பலா கொழிக்கும். 1905இல் தொடங்கிய பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 பலாவும் வடிகால் உள்ள அந்த மண்ணுக்குத்தான் பொருந்தும். அதே கன்றைச் சிதம்பரத்துக் களிமண்ணில், வீராணத்து வாய்க்கால் ஓரம் வைத்தால் தண்ணீர் நிற்கும் முதல் கார்த்திகையிலேயே வேர் அழுகும். முருங்கைக்கும் பப்பாளிக்கும் அதே கதிதான். பப்பாளி இரண்டு நாள் தேக்கத்தைக்கூடத் தாங்காது. உப்பனாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய இடங்களில் புன்னை, பூவரசு, தென்னை, சப்போட்டா, அரளி நிற்கும், ரோஜா திணறும்.

'இதையெல்லாம் நர்சரிக்காரரே சொல்ல மாட்டாரா?' என்று கேட்கலாம். கேட்டால் சொல்வார், கேட்காதவர்களுக்குச் சொல்ல அவருக்கு நேரமில்லை. லாரியில் வந்து இறங்கியது விற்றாக வேண்டும். அலங்காரச் செடிகளில் நிறையவே ராஜமுந்திரிக்கு அருகில் உள்ள கடியத்திலிருந்து வருகின்றன. கோதாவரி வண்டலில் வளர்ந்த அந்த மண் உருண்டையை அப்படியே தேவனாம்பட்டினத்து மணலில் இறக்கினால், ஊற்றும் தண்ணீர் சுற்றியிருக்கும் மணல் வழியாக ஓடிவிடும். உருண்டை காய்ந்து கல்லாகும். இது விற்றவர் செய்த மோசம் அல்ல. உங்கள் மண் மணல் என்று சொன்னால் உருண்டையின் ஓரத்தைக் கையால் உதிர்த்து, மட்கிய சாணம் கலந்து நடச் சொல்லிக் கொடுப்பார். வாங்கும்போது கவரின் அடியைக் கிழித்துக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஆணிவேர் கவருக்குள் வளையம் வளையமாகச் சுருண்டிருந்தால் அந்த மரம் இருபது வருடம் கழித்தும் ஒரு பக்கம் பிடிப்பில்லாமல்தான் நிற்கும்.

'புயல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவது, அதற்குப் பயந்து தோட்டம் போடுவதா?' என்பார்கள். மரத்தின் ஆயுளை வைத்துக் கணக்குப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரையிலான காற்றோடு கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015இல் வெள்ளம், 2020இல் நிவர், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணையில் பெருக்கு. பதின்மூன்று வருடத்துக்குள் இத்தனை. இன்று நடும் மரம் நாற்பது வருடம் நிற்க வேண்டியது. சட்டென்று நிழல் தருவதெல்லாம் இங்கே சட்டென்று விழக்கூடியது என்பதற்கு ஆரோவில் நல்ல பாடம். 1968க்குப் பிறகு அந்தப் பொட்டல் மேட்டை மூட கத்திச் சவுக்கு உதவியது, தானே வந்தபோது ஏராளமாக விழுந்ததும் அதுதான். அதன் நிழலில் வளர்த்த உள்நாட்டு மரங்கள்தான் இப்போது அங்குள்ள நர்சரிகளில் கன்றாகக் கிடைக்கின்றன. கோனோகார்ப்பஸ் என்ற மரத்தின் கதையும் இதே அவசரத்தில் பிறந்ததுதான்: வேலிக்கு வசதி என்று எல்லோரும் வைத்தார்கள், 2023இல் குஜராத்தும் 2025 தொடக்கத்தில் தமிழ்நாடும் தடை போட்டன.

அதற்காக உள்நாட்டு மரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சிதம்பரத்துத் தலமரமான தில்லை இந்தக் கடற்கரைக்கே உரிய மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிச்சாவரத்தில் படகிலிருந்து பார்த்து வருவதோடு நிறுத்திக்கொள்ளலாம். திருப்பாதிரிப்புலியூர்ப் பாதிரி அழகுதான், அரை கிரவுண்டு மனைக்கு அது பெரிய மரம். சின்ன மனைக்கு எதற்குத் திட்டம் என்பவர்களுக்கும் இதுவே பதில். தென்னைக்கு 25 அடி இடைவெளி சொல்கிறார்கள். முப்பதுக்கு ஐம்பது மனையில் வீடு, செப்டிக் டேங்க், போர் போக எத்தனை தென்னைக்கு இடம் இருக்கும் என்று தாளில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். பெரிய மனையில் தவறு செய்தால் பக்கத்தில் இன்னொன்று வைக்கலாம், சின்ன மனையில் அதற்கும் இடமில்லை. மாடியில் பத்துத் தொட்டி மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர்கள் பிடித்ததை வாங்கட்டும்.

இவ்வளவும் ஆன பிறகு நர்சரிக்குக் கொண்டுபோக வேண்டியது மட்டக் கணக்கு எழுதிய தாள், மண் அறிக்கை, காலை வெயிலும் மாலை வெயிலும் எங்கே விழுகிறது என்ற குறிப்பு, 2015இலும் 2024இலும் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டறிந்த விவரம். முடிந்தால் ஒரு தொகை கொடுத்து அவரையே மனைக்கு அழைத்து வாருங்கள். மழைக்கால அவசரம் ஓய்ந்த தை மாதத்தில் கூப்பிட்டால் வருவார். தண்ணீர் நிற்கும் களிமண் மனையில் நடவும் அப்போதுதான் நல்லது, கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றத் தயாராக இருக்க வேண்டும். மணல் மனைக்குப் புரட்டாசியிலேயே குழி எடுத்து வைத்துவிட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவர் எட்டடி உயரக் கன்றைக் காட்டினால், அதே மரத்தில் இரண்டடிக் கன்று இருக்கிறதா என்று கேளுங்கள். விலை பல மடங்கு குறைவு, வேரும் சீக்கிரம் பிடிக்கும். மிச்சப் பணத்தில் குழிகளிலிருந்து கலவைக் கட்டியை அள்ளிப்போட்டு இரண்டு டிராக்டர் வண்டல் அடித்துக்கொள்ளலாம்.