எதைவிடப் பச்சை?

லேப்ல ரெசிஸ்டர் எடுத்துப் பார்த்த அனுபவம் உங்கள்ல பாதிப் பேருக்காவது இருக்கும். பழுப்பு, கறுப்பு, சிவப்புன்னு பட்டை இருந்தா ஒரு கிலோ ஓம். மூணாவது பட்டை மட்டும் பச்சையா இருந்தா ஒரு மெகா ஓம். ஒரே ஒரு பட்டை, ஆயிரம் மடங்கு வித்தியாசம். இப்போ ஒரு கேள்வி. அந்தச் சிவப்பும் பச்சையும் ஒருத்தர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிஞ்சா, அவர் என்ன பண்ணுவார்?

"மல்டிமீட்டர் வச்சுப் பார்ப்பார்"னு சொல்றீங்களா? சரியான பதில். எனக்கு நிலக்காட்சி வரையக் கத்துக்கொடுத்தவரும் அதைத்தான் பண்ணார். சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பார்க்க முடியாத கண் அவருக்கு. அந்தக் கண்ணோட பென்னாகரம் சுத்து வட்டாரத்துல முப்பது வருஷம் கடை போர்டு எழுதியிருக்கார். கொஞ்ச நாளா அவருடைய மல்டிமீட்டர் நான்.

எங்க தெருக்காரர். நான் பெயின்டர் மாமான்னு கூப்பிடுவேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே இருக்கட்டும், பேர் போடக் கூடாதுங்கறது அவர் போட்ட ஒரே கண்டிஷன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை போச்சு. சுவர் விளம்பரம், கோயில் திருவிழா வேலைன்னு எப்பவாவதுதான் கூப்பிடுவாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில மட்டும் அவர் தனக்காக வரைவார். டிவிஎஸ் ஃபிப்டியில ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ரெண்டு பாட்டில் தண்ணி, பரீட்சை அட்டையில கிளிப் போட்ட தாள். ஒகேனக்கல் ரோடு, நாகாவதி அணைப் பக்கம், வத்தல்மலை அடிவாரம்னு கிளம்பிடுவார். செகண்ட் இயர் லீவுல நானும் பின்னாடி ஏறிக்கிட்டேன்.

முதல் நாலு வாரம் எனக்குக் கிடைச்சது கறுப்பு ட்யூப் ஒண்ணே ஒண்ணுதான். "கண்ணைச் சுருக்கிப் பாரு"ன்னார். சுருக்கினா சின்னச் சின்ன விவரமெல்லாம் காணாமப் போயிடும், பெரிய பெரிய திட்டுகளா வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போடணும். வானம் ஒண்ணு, புளியமரத்தடி நிழல் அஞ்சு. நடுவுல இருக்கற பாறை, சோளக்காடு, மண்ரோடு எல்லாம் ரெண்டா, மூணா, நாலா? நம்பர் போட்டு முடிக்கற வரைக்கும் பிரஷ்ஷைத் தொட விடமாட்டார்.

நம்ம மாவட்டத்துக்கு இது ரொம்பப் பொருந்தற பாடம். இங்கே கேரளா மாதிரி கண்ணைப் பறிக்கற பச்சை கிடையாது. பாறை, செம்மண், காஞ்ச புல், ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மலை வரிசை. கிட்ட இருக்கற கரடு அஞ்சாம் நம்பர்னா அதுக்குப் பின்னாடி இருக்கற மலை மூணு, கடைசி மலை ஒண்ணரை. தூரம் போகப் போக நடுவுல இருக்கற காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்குது, அதனால மலை வெளுத்துப் போகுது. இயற்பியல் வகுப்புல படிச்ச ஒளிச்சிதறல்தான். மாமா அதைப் படிச்சதில்லை. ஆனா நம்பரை வச்சே எந்த மலை எவ்வளவு தூரம்னு தாள்ல காட்டிடுவார்.

இந்த மலைகளை இப்படிப் பார்த்து வரைஞ்சவங்களில் ரொம்ப முந்தியவங்க ரெண்டு பேரைச் சொல்லணும். தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல். இங்கிலாந்து ஓவியர்கள். 1792-ல சென்னையில இருந்து கிளம்பி, அப்போ பாராமகால்னு பேரு இருந்த நம்ம பகுதி வழியா மைசூர்ப் பக்கம் போனாங்க. ராயக்கோட்டையையும் வீரபத்திர துர்கத்தையும் அவங்க வரைஞ்ச படங்கள் பின்னாடி லண்டன்ல அச்சாச்சு. ரெண்டு இடமும் 2004 வரைக்கும் நம்ம தர்மபுரி மாவட்டம், இப்போ கிருஷ்ணகிரி. அவங்க அச்சடிச்ச முறைக்கு அக்வாடின்ட்னு பேர். செம்புத் தகட்டை அமிலத்துல அரிச்சு முதல்ல வெளிச்சம், நிழல் படிகளை அச்சாக்குவாங்க, அதுக்கு மேலதான் கையால நீர்வண்ணம் பூசுவாங்க. மாமாவோட ஒண்ணு முதல் அஞ்சு கணக்கும் அதுவும் ஒரே யோசனைதான். உருவத்தைத் தாங்கறது வெளிச்சம், வண்ணம் அதுக்கு மேல வருது.

அஞ்சாவது வாரம் வண்ணம் வந்தது. அப்பதான் அந்தக் கேள்வியும் வந்தது.

"அந்த வேப்பமரம் என்ன கலர் தம்பி?"

"பச்சை மாமா."

"எதைவிட?"

எனக்குப் புரியலை. "பச்சை"ன்னு சொன்னா போதாதா? போதாது. பக்கத்துல இருக்கற புளியமரத்தைவிடப் பச்சையா, கம்மியா? மஞ்சள் பக்கம் சாயுதா, நீலம் பக்கம் சாயுதா? வெயில் படற பக்கமும் படாத பக்கமும் ஒரே பச்சையா? நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லச் சொல்ல அவர் கலந்துக்கிட்டே வருவார். பதில் சொல்றதுக்காகவே நான் மரத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். "மரம்னா பச்சை"ன்னு எல்கேஜியில மனசுல ஒட்டின லேபிள் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா கழண்டது. வெயில்ல வேப்பிலை பாதி மஞ்சள். பொழுது சாயும்போது புளியமரம் கிட்டத்தட்ட ஊதா. நான் பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனா இதையெல்லாம் அதுக்கு முன்னாடி நான் கவனிச்சதே இல்லை.

எனக்குக் கத்துக்கொடுக்கறதுக்காகக் கேட்கறார்னு நினைச்சிருந்தேன். ஒருநாள் ஒரு ட்யூப்போட லேபிள் ஈரத்துல உரிஞ்சு போயிடுச்சு. கொஞ்சம் பிதுக்கி என்கிட்ட நீட்டி, "இது சாப் கிரீனா, பர்ன்ட் சியன்னாவா?"ன்னு கேட்டார். ஒண்ணு இலைப்பச்சை, இன்னொண்ணு செங்கல் பழுப்பு. நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

அப்புறம் பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்து சொன்னார். சின்ன வயசுல ரயில்வே வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கார். மெடிக்கல்ல புள்ளி புள்ளியா இருக்கற புத்தகத்தைக் காட்டி நம்பர் படிக்கச் சொல்லியிருக்காங்க. இஷிஹாரா டெஸ்ட், 1917-ல ஜப்பான் மருத்துவர் ஒருத்தர் வெளியிட்டது. அவருக்கு அதுல நம்பரே தெரியலை. வேலை போச்சு. கையெழுத்து நல்லா இருந்ததால போர்டு எழுதப் போனார். டப்பா மேல எழுதியிருக்கற பேரை நம்பி, எந்த டப்பாவை எங்கே வச்சோம்ங்கற வரிசையை நம்பி முப்பது வருஷம். அத்தையைத் தவிர யாருக்கும் தெரியாது. "பெயின்டருக்கே கலர் தெரியாதாம்னு ஒருத்தன் டீக்கடையில சொன்னா போதும் தம்பி, அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

பேர் ஏன் வேண்டாம்னு இப்போ புரியுதா?

விஷயம் என்னன்னா, நம்ம கண்ணுல வண்ணம் பார்க்கற கூம்பு செல்கள் மூணு வகை. அதுல ரெண்டு வகையோட உச்ச உணர்வு சுமார் 530, 560 நானோமீட்டர்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அந்த ரெண்டுல ஒண்ணு இல்லாமப் போனாலோ, இன்னொண்ணு மாதிரியே ஆயிட்டாலோ சிவப்பும் பச்சையும் கலந்துடும். அதுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆண்களுக்குத்தான் அதிகம் வரும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 12 பேருக்கு ஒருத்தருக்கு இருக்கு. அணுக் கொள்கையில நாம படிச்ச ஜான் டால்டனுக்கும் இருந்தது. 1794-லேயே தன் கண்ணைப் பத்திக் கட்டுரை வாசிச்சார். கண்ணுக்குள்ள நீல நிறத் திரவம் இருக்கும்னு நினைச்சு, செத்த பிறகு சோதிச்சுப் பார்க்கச் சொல்லிட்டுப் போனார். திரவத்துல நீலம் எதுவும் இல்லை. பத்திரமா வச்சிருந்த அந்தக் கண்ணுல 1995-ல டிஎன்ஏ பார்த்தப்போதான் ஒரு வகைக் கூம்பு நிறமி அவருக்கு இல்லைன்னு உறுதியாச்சு.

ஓவியர்கள்லயும் இருக்காங்க. பிரான்ஸ் கடற்படையில இருந்த சார்ல்ஸ் மெரியோன் நிறக்குருடுன்னு தெரிஞ்சதும் வண்ணத்தை விட்டுட்டுச் செம்புத் தகட்டுல கோடு கீறற எட்சிங் பக்கம் போனார். 1850-களில் அவர் கீறின பாரிஸ் நகரக் காட்சிகள் இன்னிக்கும் பேசப்படுது. மாமாவுக்கு இதைச் சொன்னேன். "அவருக்குத் துணைக்கு ஒரு பையன் கிடைக்கலை போல"ன்னார்.

அவர் கண் குறையுள்ள கண்ணுன்னும் என்னால சொல்ல முடியலை. கரட்டுல காஞ்ச புதருக்குள்ள படுத்திருக்கற ஆட்டை எனக்கு முன்னாடி அவர் பார்த்துடுவார். செம்பழுப்பும் பச்சையும் என் கண்ணைக் குழப்பும். அவர் மேல்பரப்பையும் விளிம்பையும் பார்க்கறவர். வண்ணத்தால மறைச்ச உருவங்களைச் சில நிறக்குருடர்கள் மத்தவங்களைவிட எளிதாகக் கண்டுபிடிக்கறாங்கன்னு 1992-ல ராயல் சொசைட்டி இதழ்ல ஒரு ஆய்வே வந்திருக்கு.

மே மாசம் ஒரு சாயங்காலம் வத்தல்மலை அடிவாரத்துல குல்மொஹர் மரம் ஒண்ணை வரைஞ்சுக்கிட்டிருந்தோம். மரம் முழுக்கச் செக்கச் செவேல். வெளிச்சம் குறையக் குறைய என் கண்ணு முன்னாடியே பூவெல்லாம் கறுத்துப் போச்சு, இலை மட்டும் சாம்பலா மிஞ்சுச்சு. மங்கின வெளிச்சத்துல கூம்பு செல்கள் ஓய்ஞ்சு, வண்ணம் பிரிக்கத் தெரியாத குச்சி செல்கள் வேலை செய்யும். அதுங்களுக்குச் சிவப்பு கிட்டத்தட்ட இருட்டு. "பூ எங்கே மாமா போச்சு?"ன்னேன். "எனக்கு உச்சி வெயில்லயே இலையோட இலையாத்தான் இருக்கும். கிட்டப் போனா பூவுன்னு தெரியும்." ராத்திரியில நாம எல்லாருமே நிறக்குருடுதான். அவர் படம் அந்த அரை இருட்டுலயும் சரியா நின்னது. நம்பர் சரியா இருந்ததே.

இதை எழுதச் சொன்னதே அவர்தான். காரணம் அவர் பேரன், மகள் வயித்துப் பையன், ஒண்ணாம் வகுப்பு. அப்பாவுக்கு இருந்தா மகள் அந்த மரபணுவைச் சுமப்பாள், அவள் மகனுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. பையன் ஸ்கூல்ல மரத்துக்குப் பழுப்பு இலை போட்டிருக்கான். "கவனமே இல்லை"ன்னு நோட்டுல சிவப்பு மையில எழுதி அனுப்பியிருக்காங்க. மாமா அந்த நோட்டை ரொம்ப நேரம் கையில வச்சிருந்தார். "நான் ஒளிஞ்ச மாதிரி இவன் ஒளியக் கூடாது"ன்னார். மறுநாள் மகளையும் பேரனையும் கூட்டிக்கிட்டு கண் டாக்டர்கிட்ட போனார். அப்படியே அந்த டீச்சரைப் பார்த்து, தன் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிட்டு வந்தார். முப்பது வருஷத்துல வெளியாள் ஒருத்தர்கிட்ட அவரா வாய் திறந்து சொன்னது அது ரெண்டாவது தடவை. முதல் தடவை அந்த லேபிள் உரிஞ்ச அன்னிக்கு.

காலமும் மாறுது. 2020-ல லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவங்களுக்கும் டிரைவிங் லைசென்ஸ் தரலாம்னு மத்திய அரசு விதியைத் திருத்துச்சு. 2022-ல உச்ச நீதிமன்றம், நிறக்குருடு காரணமா புனே திரைப்படக் கல்லூரியில எடிட்டிங் படிக்க இடம் மறுக்கப்பட்ட ஒரு இளைஞர் வழக்குல, அந்தக் கல்லூரியோட எந்தப் படிப்புக்கும் அது தடையா இருக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு.

நம்ம கிளாஸ்லயும் ஒருத்தர் இருக்கலாம். ரெசிஸ்டரைப் பட்டை பார்த்துப் படிக்காம எப்பவும் மீட்டர்லயே வைக்கற நண்பர், கிராஃப்ல "அந்தச் சிவப்புக் கோடு"ன்னு சொன்னா ஒரு நொடி தயங்கறவர். உங்க பிபிடியில சிவப்பு, பச்சைன்னு ரெண்டு கோடு போடறதுக்குப் பதிலா நீலம், ஆரஞ்சு போடுங்க. கோட்டு மேலயே பேரையும் எழுதிடுங்க. அவங்க யார்கிட்டயும் எதையும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்து ஒகேனக்கல் போனீங்கன்னா, போனை எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணைச் சுருக்கி அந்தப் பாறைகளுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு நம்பர் போட்டுப் பாருங்க. அப்புறம் பக்கத்துல நிக்கறவங்ககிட்ட தண்ணி என்ன கலர்னு கேளுங்க. பச்சைன்னு சொன்னா, எதைவிடன்னு கேளுங்க.