பாரதியின் அப்பாவும் என் அப்பாவும்

ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டினால் ஊருக்கே கொண்டாட்டம். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்குச் சத்தமே இருக்காது. ஏன் என்கிறீர்களா? தண்ணீர் ரொம்ப அதிகமானால் போலீஸ்காரர்கள் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வந்த வண்டியெல்லாம் அப்படியே திரும்பிப் போய்விடும். அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கும் என் அப்பா, மங்குஸ்தான் கூடையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். சிப்ஸ் நாலு நாள் தாங்கும், பழம் தாங்காது. ஆனால் தண்டல்காரர் மட்டும் தடை போட்டாலும் வருவார், போடாவிட்டாலும் வருவார்.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு அரியர் இருக்கிறது. ரிசல்ட் வந்து ஒரு மாதமாகியும் வீட்டில் சொல்லவில்லை. அப்படி ஒரு தடை நாளில், கடைக்குள் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைத் திறக்கப் பயந்து பாரதியார் கவிதைகளைத் திறந்தேன். ஏதோ ஒரு பக்கம் விரிந்தது. பார்த்தால் ‘சுயசரிதை’. 1910-ல் பாரதி புதுச்சேரியில் இருந்தபோது ‘கனவு’ என்ற பெயரில் வந்தது.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாரதி யார்? 1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தார், பதினோரு வயதில் அரண்மனைப் புலவர்களிடம் ‘பாரதி’ பட்டம் வாங்கினார், அவ்வளவுதான். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது போதும். நடுவில் இருந்த பையனை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தப் பையனுக்கு ஐந்து வயதில் அம்மா லட்சுமி அம்மாள் இறந்துபோனார். அப்பா சின்னசாமி அய்யர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். கணக்கிலும் இயந்திரங்களிலும் ஆர்வம் உள்ளவர். மகனும் கணக்கு படித்து, இங்கிலீஷ் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்பது அவர் ஆசை. (எல்லா அப்பாக்களுக்கும் ஒரே அச்சு போலிருக்கிறது.) மற்ற பையன்கள் மரம் ஏறுவதையும் குளத்தில் குதிப்பதையும் பார்த்து ஏங்கிக்கொண்டு தனியாக இருந்ததாக அந்தக் கவிதையிலேயே பாரதி எழுதுகிறார். அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் நீச்சல் கற்றது எப்போது என்றே ஞாபகம் இல்லை. தண்ணீரில்தான் வளர்ந்தேன். மகாகவிக்குக் கிடைக்காதது ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறதே!

1894-ல் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இப்போது ம.தி.தா. இந்துக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி என்பார்களே, அதேதான். அங்கே காந்திமதிநாதன் என்பவர் ‘சின்னப் பயல்’ என்று கேலி செய்யும் ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொன்னதாகவும், பையன் பாடி முடித்தபோது அந்தக் கேலி கேட்டவர் தலையிலேயே விழுந்ததாகவும் ஒரு கதை உண்டு. பட்டிமன்றங்களில் கைதட்டல் வாங்கும் கதை. ஆனால் வெண்பாவுக்குக் கிடைத்த கைதட்டல் பரீட்சைத் தாளுக்குக் கிடைக்கவில்லை. ஐந்தாம் படிவத்தோடு 1897-ல் நெல்லைப் படிப்பு நின்றது.

எட்டயபுரத்தில் சின்னசாமி அய்யர் பருத்தி ஆலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். அது நொடித்துப்போனது. வியாபாரத்தில் வஞ்சகம் செய்த அந்நியர்கள் அப்பாவின் பொருளையெல்லாம் விழுங்கிவிட்டார்கள் என்று அந்தக் கவிதையில் மகன் பொருமுகிறார். பி.காம். மாணவனாக எனக்கு இது வெறும் சோகக் கதையாகத் தெரியவில்லை. அரசாங்கமும் பெரிய கம்பெனிகளும் வெள்ளைக்காரர்கள் கையில் இருந்த காலம். அதில் ஒரு சின்ன ஊர்க்காரர் சொந்த முதலைப் போட்டு இயந்திரம் இறக்குகிறார். நஷ்டம் வந்தால் தாங்க யார் இருக்கிறார்கள்?

1897 ஜனவரியில், பதினான்கு வயதுப் பையன், எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினான். என்ன கேட்டான்? படிக்கப் பணம். நாம் ஸ்காலர்ஷிப் பாரம் நிரப்புகிறோமே, அதுமாதிரிதான்!

அதற்குச் சரியாக ஒரு மாதம்கூட முந்தவில்லை, 1896 டிசம்பர் 30-ல், பிலிப்பைன்ஸில் ஹோசே ரிசாலை ஸ்பானிய அரசு சுட்டுக் கொன்றது. அந்த நாட்டின் தேசிய வீரர் அவர். ரிசாலுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா. மணிலாவில் சேசு சபைப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்து, 1877-ல் பதினாறு வயது நிறையும் முன்பே சிறப்பாகத் தேறினார். பாரதி பிறந்த 1882-ல்தான் மேல்படிப்புக்கு ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினார். அம்மா இருந்தார், குடும்பத்துக்கு வசதியும் இருந்தது. எட்டயபுரத்துப் பையனுக்கு இரண்டும் இல்லை. இத்தனைக்கும் இரண்டு பேருமே அந்நியர் பள்ளிக்கூட முறையில் படித்துத்தான் அந்நியரை எதிர்த்து எழுதினார்கள்.

அந்த 1897-லேயே கல்யாணமும் ஆனது. பெண் செல்லம்மாளுக்கு ஏழு வயது. ஊர் கடையம், எங்கள் தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழி. மறு வருஷம் அப்பாவும் போய்விட்டார். காசியில் இருந்த அத்தை குப்பம்மாள்தான் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். நெல்லையில் ஓடாத வண்டி காசியில் ஓடியது! சமஸ்கிருதமும் இந்தியும் படித்து, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் தேறினார்.

ஆனாலும் நெல்லை இங்கிலீஷ் படிப்பின் மேல் அவருக்கிருந்த கோபம் கடைசிவரை போகவில்லை. அப்பாவுக்குப் பெருஞ்செலவு, எனக்குத் தீங்கு, நன்மை கொஞ்சமும் இல்லை என்கிற மாதிரி எழுதுகிறார். கம்பன் யார், காளிதாசன் யார் என்று தெரியாமலே படித்து முடிக்கிறார்களாம். வணிகமும் பொருளாதாரமும் வாய் கிழியப் பேசுவார்கள், தான் வாழும் நாட்டின் செல்வம் எப்படிப் போகிறது என்று கேட்கமாட்டார்களாம். எனக்குச் சுருக்கென்றது. இதைவிட நேராக யாரும் என் டிபார்ட்மெண்டைத் திட்டியதில்லை!

ஆனால் பாரதியோடு ஒரு இடத்தில் எனக்குச் சண்டை. படிப்புக்குக் கொட்டிய பணம் வீண் என்று எழுதும்போது அவருக்கு வயது இருபத்தெட்டுக்குள். அந்தப் பணத்தை ஆலைக்காரர் எங்கிருந்து புரட்டினார் என்பதைக் கவிதை சொல்லவில்லை. ஆலை மூழ்கிக்கொண்டிருக்கும்போதும் மகனின் படிப்பைப் பற்றிக் கனவு கண்ட மனுஷன் அவர். அவரும் ஒரு சுயசரிதை எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். இதை யோசித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அப்பா அழுகிய பழத்தைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நல்லதை மேலே அடுக்கினார். எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்கு ‘சாதாரண இழப்பு’ என்று பெயர். பரீட்சையில் அந்தக் கணக்கைத்தான் தப்பாகப் போட்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன்.

அப்பா திட்டவில்லை. “எவ்வளவு ரூவா கட்டணும்?” என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நான் சமாளிப்பதற்காகப் பாரதி கதையை எடுத்துவிட்டேன், திருநெல்வேலி, பருத்தி ஆலை, காசி என்று எல்லாம். முழுசாகக் கேட்டார். ஆலை நொடித்த இடத்தில் மட்டும் “பாவம்ல, அந்த மனுசன்” என்றார்.

“பெறவு பாஸ் பண்ணிட்டாராக்கும்?”

“காசியில போயி பண்ணிட்டாருப்பா.”

“அப்பம் நீ இங்கனயே பண்ணிரு. ரயில் செலவாவது மிச்சம்.”

கல்லாவைத் திறந்து, தண்டலுக்கென்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த கட்டிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அன்று சாயங்காலமும் தடையை எடுக்கவில்லை.