கடல் மீனுக்கு ஆசைப்படுமுன்

2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் கோமாளி மீன் வளர்க்கக் கேட்கிறார்கள். தாசேக் கெலுகோரில் என் மாணவர்களும் அப்படித்தான்.

ஆசை நல்லதே. ஆனால், அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பு உதவாது. மீனின் கழிவில் உண்டாகும் அமோனியா நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகப் பல வாரங்களாகும். அதற்குமுன் மீனை விட்டால் பிழைப்பது அரிது.

கோமாளி மீனைப் பண்ணையிலேயே பொரிக்க வைக்கிறார்கள். மற்றக் கடல் மீன்களில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிபட்டவை. ஆகவே, “பண்ணை மீனா?” என்று கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கப் பொறுமையில்லையா? கெடா கடலிலுள்ள பாயார் தீவுக்குப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துப் போங்கள். அங்கே மீன்கள் தம் வீட்டிலேயே நீந்தும்.