வோயி: யானைக்குப் பக்கத்து வீடு

கொஞ்சம் நீளமான த்ரெட். ஓபி முடிச்சவங்க, நைட் டூட்டில தூக்கம் வராதவங்க, பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சவங்க மெதுவா படிங்க.

கென்யா போயிட்டு வந்தேன்னு சொன்னதும் வார்டுல எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "சிங்கம் பார்த்தீங்களா டாக்டர்?" பார்த்தேன். தூரத்துல, ஒரு புதர் நிழல்ல, பின்பக்கம் மட்டும். சிங்கக் கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது வோயிங்கற ஊரைப் பத்தி.

அக்கா வீட்டுக்காரருக்கு மொம்பாசாவுல வேலை. ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க. அரசு மருத்துவர் வெளிநாடு போக அனுமதி வாங்குற கதை தனி த்ரெட், இப்ப வேண்டாம். போய் சேர்ந்ததும் மாமா, "பீச் வேணுமா, காடு வேணுமா?"ன்னு கேட்டார். காடுன்னேன். மறுநாள் காலைல ரயில் ஏத்தி விட்டார். 2017ல திறந்த புது அகலப்பாதை ரயில். ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துல வோயி.

சாவோ தேசியப் பூங்கா 1948ல அறிவிச்சது. கிழக்கு, மேற்குன்னு ரெண்டு பகுதி. ரெண்டும் சேர்த்தா 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, அதாவது தமிழ்நாட்டுல ஆறுல ஒரு பங்குக்குக் கிட்ட. நைரோபி–மொம்பாசா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஓடுது. கிழக்குப் பூங்காவோட வாசல் வோயி ஊர்ல இருந்து சில கிலோமீட்டர்தான். சுற்றுலாக்காரங்க வேன்ல வருவாங்க, பெட்ரோல் போடுவாங்க, தண்ணி பாட்டில் வாங்குவாங்க, நேரா உள்ள போயிடுவாங்க. ஊரை யாரும் பார்க்கிறதில்லை.

பார்க்கவும் பெருசா ஒண்ணுமில்லைதான். லாரி லாரியா நிக்கிற ஹைவே ஊர். டயர் கடை, மொபைல்ல பணம் அனுப்புற எம்-பெசா கடை, வாழைப்பழம் விக்கிற அம்மாக்கள், 'போடாபோடா'ன்னு சொல்ற பைக் டாக்ஸி பசங்க. செம்மண் எல்லாத்து மேலயும் படிஞ்சிருக்கும். என் வெள்ளை சட்டை சாயங்காலத்துக்குள்ள காவி ஆயிடுச்சு. சாவோ யானைகள் சிவப்பா தெரியறதுக்கும் இந்த மண்ணுதான் காரணம். யானை பிறந்த நிறம் வழக்கமான சாம்பல்தான், செம்மண்ணுல புரண்டு புரண்டு அப்படி ஆயிடுது.

சாப்பாட்டுக் கடைல உட்கார்ந்தா பாதி வார்த்தை புரியுது. சப்பாத்திக்கு சப்பாத்தி, டீக்கு சாய், சமோசாவுக்கு சம்பூசா. கடைக்கு 'டுக்கா', வண்டிக்கு 'காரி', ஒரு லட்சத்துக்கு 'லாக்கி'. 'ண்டெங்கு'ன்னு ஒண்ணு கொண்டு வந்து வச்சாங்க, பார்த்தா நம்ம பச்சைப்பயறு குழம்பு! ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

இந்த வார்த்தைகள்ல நிறைய இந்தியப் பெருங்கடல் வியாபாரத்துல போனது. ரயில் வேலைக்கு வந்த இந்தியர்களும் கொண்டு போயிருப்பாங்க. 1896ல மொம்பாசாவுல ஆரம்பிச்சு 1901ல விக்டோரியா ஏரிக்கரை வரை பிரிட்டிஷ்காரங்க போட்ட ரயில் பாதைக்கு 30,000க்கும் மேல இந்தியத் தொழிலாளர்களை இறக்கினாங்க. பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க. வோயில இருந்து நைரோபி போற வழியில சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போதுதான் 1898ல ரெண்டு சிங்கம் கூடாரத்துல புகுந்து ஆளைத் தூக்கிட்டுப் போச்சு. அதுங்களைச் சுட்ட பேட்டர்சன் பின்னாடி 135 பேர்னு கணக்கு சொன்னார். அந்த சிங்கங்களோட எலும்பையும் முடியையும் சோதிச்ச விஞ்ஞானிகள் 2009ல சுமார் 35 பேரா இருக்கலாம்னு சொன்னாங்க.

டாக்டர் மூளைக்கு இதுல பிடிச்ச விஷயம் ஒண்ணு. அதுல ஒரு சிங்கத்துக்குக் கீழ்த்தாடை கோரைப்பல் உடைஞ்சு வேர்ல சீழ் பிடிச்சிருந்தது. வரிக்குதிரையைக் கடிச்சு அமுக்க முடியாத வலி. அதான் மிருதுவான இரையா மனுஷனைத் தேடிச்சுன்னு ஒரு விளக்கம். பல்லு வலின்னு வந்து ஓபில கத்துற ஆளுங்களை இனிமே கொஞ்சம் மரியாதையா பார்ப்பேன். சிங்கக் கதைக்கு சினிமா எல்லாம் வந்துடுச்சு. ஆனா அந்த ரயில் பாதைல செத்த இந்தியர்கள் சுமார் 2,500 பேர். சிங்கம் எடுத்தது அதுல ரொம்பச் சின்னப் பங்கு. மலேரியா, சீதபேதி மாதிரி நோய்களை வச்சு யாரும் படம் எடுக்க மாட்டாங்க.

எந்த ஊர் போனாலும் அந்த ஊர் அரசு மருத்துவமனை வாசல்ல போய் நிக்கிற வியாதி எனக்கு உண்டு. வோயிலயும் போனேன். அதே மரத்தடி, அதே பிளாஸ்டிக் கவர்ல சுருட்டின சீட்டு, அதே "முன்னாடி நான் நின்னேன்" சண்டை. ஓபில பாதிக்கு மேல பார்க்கிறது 'கிளினிக்கல் ஆபீசர்'கள். எம்பிபிஎஸ் மாதிரி இல்லை. மூணு வருஷ டிப்ளமோ, அப்புறம் பயிற்சி. கென்யாவோட கிராமத்து மருத்துவம் இவங்க தோள்லதான் நிக்குது. 2013ல இருந்து சுகாதாரம் 47 கவுண்டி அரசுகள் கைக்குப் போயிடுச்சு. சம்பளம் தள்ளிப் போறது பத்தி அங்க ஒரு ஆபீசர் பேசினப்போ, மொழிதான் வேற, மத்தபடி எங்க குவார்ட்டர்ஸ் திண்ணைப் பேச்சேதான்.

அவர்கிட்ட பாம்புக்கடி பத்தி கேட்டேன். அங்க பெரிய தொல்லை பஃப் ஆடர்னு ஒரு விரியன். கடிச்ச கால் வீங்கி, கொப்புளமாகி, தசை அழுகும். அப்புறம் விஷம் துப்புற நாகம், பிளாக் மாம்பா. "உங்க ஊர் மருந்து இங்க வேலை செய்யாதே?"ன்னு அவரே கேட்டார். கரெக்ட். நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலோட விஷத்தை வச்சு செய்யிறது. அந்த விஷத்தைப் பெருமளவு எடுத்துக் கொடுக்கிறது செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் கூட்டுறவு சங்கம். ஆப்பிரிக்கப் பாம்புக்கு ஆப்பிரிக்கப் பாம்போட விஷத்துல செஞ்ச மருந்துதான் வேணும். கானாவுலயும் சாட் நாட்டுலயும் பொருந்தாத மருந்து உள்ள வந்து சாவு எண்ணிக்கை கூடினது மருத்துவ இதழ்கள்லயே பதிவாகியிருக்கு.

சரி, யானைக்கு வர்றேன்.

நான் வேலை பார்க்கிறது மலையடிவாரத்துல ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. வருஷத்துல சில தடவை, விடியற்காலைல, வனத்துறை ஜீப் பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் வரும். யானை அடிச்ச கேஸ். போஸ்ட்மார்ட்டம் நான்தான் செய்யணும். அந்த ரிப்போர்ட் இல்லாம நிவாரண ஃபைல் நகராது. அதனால "யானை அழகு"ன்னு யாராவது ஸ்டேட்டஸ் போட்டா எனக்கு ரெண்டு மாதிரியும் தோணும். அழகுதான். அந்த விலா எலும்புகளை நான் எண்ணியிருக்கேன், அதுவும் உண்மை.

சாவோ வட்டாரத்துல 2021 கணக்குப்படி சுமார் 15,000 யானை. எழுபது, எண்பதுகள்ல பஞ்சமும் தந்த வேட்டையும் சேர்ந்து அழிச்சு, கடைசியா 5,000–6,000னு இருந்த கூட்டம் மறுபடி பெருகி வந்திருக்கு. உலகமே கை தட்டின வெற்றி. அந்த வெற்றி ராத்திரி பத்து மணிக்கு யார் சோளக்காட்டுல நடக்குதுன்னு பார்க்கத்தான் வோயிக்குத் தெற்கே சகாலா மலையடிவாரத்துக்குப் போனேன். பைக் ஓட்டின தம்பிதான் மொழிபெயர்ப்பு.

அங்க ஒரு வேலி. கம்பி வேலியும் இல்லை, கரண்ட் வேலியும் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தேன்பெட்டி தொங்குது, பத்து மீட்டருக்கு ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே கம்பி கோர்க்குது. நடுநடுவுல மஞ்சள் பெயின்ட் அடிச்ச வெறும் பலகை, டம்மி பெட்டி. யானை கம்பியில முட்டினா பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். தும்பிக்கை உள்பக்கமும் கண்ணோரமும் யானைக்கு ரொம்ப மெல்லிசான தோல். அங்க கொட்டினா அது மறக்காது. தேனீ சத்தத்தை ஒலிபெருக்கில போட்டாலே ஆப்பிரிக்க யானைக் குடும்பம் ஓடுதுன்னு லூசி கிங்ங்கற ஆராய்ச்சியாளர் 2007ல எழுதினார். அவர் குழு இந்த ஊர்லயே தங்கி வேலை செய்யுது. ஒன்பது வருஷம் கணக்கெடுத்ததுல, பயிர் விளைஞ்சு நிக்கிற மாசங்கள்ல வேலிகிட்ட வந்த யானைகள்ல 80 சதவீதத்துக்கும் மேல திரும்பிப் போயிருக்கு. ஆனா பஞ்ச வருஷத்துல பூ இல்லை, பூ இல்லாம தேனீ இல்லை, பெட்டி காலி. யானைக்குப் பசி அதிகமா இருக்கிற அதே வருஷத்துல வேலி பலவீனம். இதை அவங்களே வெளிப்படையா எழுதியிருக்காங்க, அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

(இங்க செய்யலாமேன்னு கேட்கப் போறீங்க. இலங்கையில ஆசியத் தேனீ சத்தத்தை வச்சு இதே குழு சோதிச்சிருக்கு. நம்ம யானை விலகிப் போகுது, ஆனா ஆப்பிரிக்க யானை அளவுக்கு மிரண்டு ஓடலை. நம்ம தேனீக்கும் அந்த அளவு கோபம் கிடையாது.)

அந்த வேலி ஓரத்து வீட்டுல ஒரு பாட்டி இருந்தாங்க. அங்க வயசான பொம்பளைங்களை மரியாதையா 'மாமா'ன்னு கூப்பிடணும். எனக்கு வாய் வரவே நேரமாச்சு, தம்பி சிரிச்சான். பெரியவங்களைப் பார்த்தா 'ஷிகமூ'ன்னு சொல்லணும், அவங்க 'மரஹபா'ம்பாங்க. சொன்னேன். உடனே ஸ்டூல் வந்துடுச்சு, டீ வந்துடுச்சு.

நான் டாக்டர்னு தம்பி சொன்னதும் பாட்டி உள்ள போய் ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துட்டு வந்தாங்க. அந்தக் கவரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இறப்புச் சான்றிதழ், போலீஸ் சீட்டு, இழப்பீட்டு விண்ணப்ப நகல், கடைசியா ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். அவங்க வீட்டுக்காரர். விடியற்காலைல பக்கத்து ஊருக்கு நடந்து போனவர்.

கென்யாவுல 2013 வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்கால உயிர் போனா குடும்பத்துக்கு 50 லட்சம் ஷில்லிங். நம்ம காசுல 30 லட்சத்துக்கு மேல வரும். காகிதத்துல பார்த்தா பெரிய மனசு. ஆனா பணம் வருஷக்கணக்கா வராம நிக்கிற குடும்பங்கள் நாடு முழுக்க இருக்கு. பாட்டியும் அதுல ஒருத்தர். பணத்தைப் பத்தி அவங்க என்கிட்ட ஒண்ணுமே கேட்கலை. ரிப்போர்ட்டை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்கு?"ன்னுதான் கேட்டாங்க. இங்கிலீஷ்ல இருந்ததை இத்தனை வருஷத்துல யாரும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டலை.

ஒரு பக்கம்தான். எல்லா ஊர் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டும் ஒரே நடை, என் கையெழுத்து இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இடது பக்க விலா எலும்புகள், நுரையீரல், கல்லீரல், மார்புக்குள்ள ரத்தம். நான் மெதுவா சொன்னேன், தம்பி ஸ்வாஹிலில சொன்னான். அப்புறம் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. எங்க ஊர்ல மார்ச்சுவரி வாசல்ல எனக்கு வழக்கமா வர்ற கேள்வி. "ரொம்ப நேரம் வலிச்சுதா?"

அந்தக் காயங்களோட ஒருத்தர் நினைவோட இருக்கக்கூடியது ரொம்பக் கொஞ்ச நேரம். ஆறுதலுக்காகச் சொல்லலை, அந்தக் காகிதம் அதைத்தான் சொல்லுது. அதை அப்படியே சொன்னேன். அவங்க தலையாட்டினாங்க. காகிதங்களை அதே வரிசையில திரும்ப அடுக்கி, கவரை மடிச்சு மடியில வச்சுக்கிட்டாங்க. "போலே சனா"ன்னேன். துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட அங்க சொல்ற வார்த்தை. 'உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது'ங்கற மாதிரி. கால் தடுக்கினவங்களுக்கும் சொல்றாங்க, சாவு வீட்டுலயும் சொல்றாங்க. தமிழ்ல அந்த ஒரே வார்த்தை நமக்கு இல்லை.

அப்புறம் பேச்சு தேனுக்குப் போச்சு. பதினெட்டு பெட்டியாம், பாதிலதான் ஈ இருக்காம். யானை மேல கோபமான்னு கேட்டேன். தம்பி அதை மொழிபெயர்க்கவே தயங்கினான். பாட்டி சொன்ன பதில்: "அதுக்கும் பசி. ஆனா அதைப் பார்க்க வர்றவங்க காசு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

ஒரு ஜாடி தேன் வாங்கினேன், காசு நேரா அவங்க எம்-பெசாவுக்கு. அக்கா வீட்டுலயே தீர்ந்துடுச்சு.

கமென்ட்ல எல்லாரும் கேட்க போற விஷயத்துக்கு இப்பவே பதில். கென்யா போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட்டுக்கோங்க. கிளம்புறதுக்குக் குறைஞ்சது 10 நாள் முன்னாடி. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் துறைமுக சுகாதார அலுவலகத்துலயும் போடுறாங்க. ஒரு ஊசி போதும், ஆயுசுக்கும் செல்லும். கார்டு இல்லாம திரும்பி வந்தா நம்ம ஏர்போர்ட்ல 6 நாள் வரை தனிமைல வச்சிடுவாங்க. முட்டை அலர்ஜி, எதிர்ப்புசக்தி குறைக்கிற மருந்து, கர்ப்பம், 60 வயசுக்கு மேல, இதுல எது இருந்தாலும் முதல்ல டாக்டர்கிட்ட பேசுங்க.

வோயி பக்கம் மலேரியா உண்டு, அதுவும் ஃபால்சிபாரம். தடுப்பு மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். திரும்பி வந்தப்புறமும் சொன்ன நாள் வரை முழுங்கணும். டாக்ஸிசைக்ளின்னா நாலு வாரம். ஊருக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, ஓபில உட்கார்ந்ததும் முதல் வாக்கியமா "நான் ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்"னு சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா நாங்க டெங்குன்னு நினைச்சு பிளேட்லெட் எண்ணிட்டு இருப்போம்.